மலையில் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

விடுப்பு முடிய இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருக்கிறது. ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஊட்டியிலோ இருக்கிறது, கையில் பச்சைக் குழந்தை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான மலைக்கே திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். குளிர் பிடித்துப்போய் இங்கே வாடகைக்கு வீடு எடுத்தவர்களும் இருக்கிறீர்கள். குழந்தை பிறந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்: வேலையையும் குழந்தையையும் எப்படிச் சமாளிப்பது?

"வீட்லதானே இருக்கே, பாப்பாவையும் பாத்துக்கிட்டு வேலையையும் பாத்துக்கோயேன்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அது நடக்காது. ஒரே ஆள் ஒரே மணி நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது. முயன்றால் இரண்டும் அரைகுறையாகும், உடம்பும் கெடும். வேலை நடக்கும் நேரத்தில் குழந்தை இன்னொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். குழந்தை உங்கள் மடியில் இருக்கும்போது லேப்டாப் மூடியிருக்க வேண்டும். எந்த மணிக்கு யார் கையில் குழந்தை என்பதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் ஏற்பாடுதான்.

முதலில் ஆபீஸோடு பேசுங்கள்

இந்தப் பேச்சை விடுப்பு முடியும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை பேசுங்கள், திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பு இன்னொரு முறை.

உரிமை என்ன என்று தெரிந்துகொண்டு பேசினால் குரலில் தயக்கம் இருக்காது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்தின்படி வந்து, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் தொடரும் உரிமை இது: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். முன்னால் எவ்வளவு குறைவாக எடுக்கிறீர்களோ அவ்வளவு பின்னால் குழந்தையோடு கிடைக்கும்; டாக்டர் சரி என்றால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். வேலையின் தன்மை இடம்கொடுத்தால், விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனமும் ஊழியரும் பேசி ஒத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள். அந்த இரண்டு நேரத்தையும் காலண்டரில் போட்டுவிடுங்கள், அப்போதுதான் யாரும் மீட்டிங் வைக்க மாட்டார்கள்.

மேனேஜரிடம் "கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. "பத்திலிருந்து ஒன்று வரை, மூன்றிலிருந்து ஐந்தரை வரை என்னை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். மீதி வேலையை இரவு முடித்து அனுப்பிவிடுவேன்" என்று மணிக்கணக்கோடு சொல்லுங்கள். அதையே மெயிலிலும் எழுதி அனுப்புங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும், நெட் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீழே இருப்பவர்களுக்கு மலையின் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது; தனியாரில் அது நிறுவனத்தைப் பொறுத்தது. இருக்கும் விடுப்பை மொத்தமாகப் பிரசவ வாரத்திலேயே செலவழிக்க வேண்டாம். அப்போது வீட்டில் பாட்டி, அத்தை என்று ஆள் நிறைந்திருப்பார்கள். மனைவி வேலைக்குத் திரும்பும் முதல் வாரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

உதவிக்கு ஆள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போதே தேட ஆரம்பியுங்கள்.

பெரும்பாலும் முதலில் வருவது கீழேயிருந்து வரும் பாட்டிதான். அவருக்கும் இந்தக் குளிர் புதிது என்பதை மறந்துவிடாதீர்கள். மூட்டு வலி, தூக்கமின்மை, வெளியே நடக்க மேடும் பள்ளமும். தனி அறை, ஒரு ஹீட்டர், காலுறை, குளியலறையில் வழுக்காத மிதியடி, இத்தனையும் அவர் வருமுன் தயாராக இருக்கட்டும். காரில் வருகிறார்கள் என்றால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கணக்கும் இருப்பதால் கடைசி நாளில் எடுக்கப்போனால் கிடைக்காமல் போகலாம். அரசு பஸ்ஸில் வந்தால் பாஸ் வேண்டியதில்லை.

பாட்டி வந்தாலும் நாள் முழுக்க அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அறுபது வயதுக்காரருக்கு எட்டு மணி நேரம் கைக்குழந்தையைப் பார்ப்பது பெரிய வேலை. காலை மூன்று மணி நேரம் பாட்டி, மதியத்துக்கு இன்னொருவர் என்று பிரித்தால் அவரும் பல மாதம் தாக்குப்பிடிப்பார்.

அந்த இன்னொருவரை அக்கம்பக்கத்தில் தேடுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு வேலையையும் குழந்தையையும் சேர்த்துச் சமாளிப்பது புதிதல்ல. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே, 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. கம்ப்யூட்டர் வேலைக்காரர்களுக்கு அந்த யோசனை வந்தது வெகுகாலம் கழித்து. காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்காக்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அம்மாக்கள் தோட்டத்து லைன் வீடுகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் இருக்கிறார்கள். அங்கன்வாடி டீச்சரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். யார் பொறுமைசாலி, யார் வீட்டில் இருமல் நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். கொழுந்து பறிக்கப் போனால் ஒரு நாளைக்குக் கிடைப்பதை உங்களுக்காக ஒருவர் விட்டுவிட்டு வருகிறார் என்றால் அதற்குக் குறையாமல் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு, மழை நாளில் ஆட்டோ காசு, உடம்பு சரியில்லாத நாளுக்கும் சம்பளம். நம் குழந்தையை ஒப்படைக்கிறோம், இதைவிடப் பெரிய பொறுப்பு எது?

முதல் பத்துப் பதினைந்து நாள் நீங்களும் வீட்டில் சும்மா இருக்கும்போதே அவர் வந்து பழகட்டும். குழந்தை அவர் முகத்தை, குரலை, மணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறேழு மாதத்துக்கு மேல் குழந்தைகள் புது முகத்தைக் கண்டால் அழும். அதற்கு முன்பே பழக்கிவிட்டால் நல்லது.

ஒப்படைக்கும் நேரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அக்கா வந்ததும் வெளி ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், சோப்புப் போட்டுக் கை கழுவுவார், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார், அப்புறம்தான் குழந்தையை வாங்குவார். சமையலறைக் கதவில் கயிறு கட்டித் தொங்கும் நோட்டில் மூன்றே விஷயம்: கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது தூங்கி எழுந்தது, எப்போது துணி மாற்றியது. நோட்டைப் பார்த்தாலே அழுகைக்குக் காரணம் பாதி புரிந்துவிடும். மீட்டிங் நடுவில் கதவைத் தட்டிக் கேட்கவேண்டி வராது.

இடம், கரண்ட், நெட்

வேலை செய்யும் இடத்துக்குக் கதவு இருக்க வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் படுக்கையறையை வேலைக்கு எடுத்துக்கொண்டு, குழந்தை பகலில் கூடத்தில் இருக்கட்டும். தாயின் குரல் கேட்டால் குழந்தை தேடும், அதனால் ஹெட்செட் போட்டுத் தணிந்த குரலில் பேசுங்கள்.

பல மலை வீடுகளுக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது, போனில் கேட்குமா? வீடு பார்க்கும்போதே காங்கிரீட் தளமோ மரத்தாலான உள்கூரையோ உள்ள அறை ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அறைதான் வேலைக்கு. குழந்தையோ அந்த மழைச் சத்தத்தில் இன்னும் நன்றாகத்தான் தூங்கும்.

மழை வருவதும் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் பலமானது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவதும் அப்போதுதான். காற்றில் மரம் கம்பி மேல் விழுந்தால் கரண்ட் வர அரை நாள் ஆகலாம். இன்வெர்ட்டர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ரூட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ் போதும். சில மணி நேரம் நெட்டைத் தாங்கும், லேப்டாப்புக்கு அதன் சொந்த பேட்டரி இருக்கிறது. ஃபைபர் ஒரு கம்பெனி, போன் சிம் வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனால் மற்றது இருக்கும். சிம் வாங்குமுன் உங்கள் வீட்டுக்குள், கதவை மூடிக்கொண்டு எந்த சிக்னல் எடுக்கிறது என்று பாருங்கள். ஊர் பஸ் ஸ்டாண்டில் எடுப்பது பள்ளத்தில் இருக்கும் வீட்டில் எடுக்காது. கரண்ட் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளை முன்பே அறிவிப்பார்கள்; அந்தத் தேதியை அன்றே மேனேஜருக்குச் சொல்லிவிடுங்கள்.

குளிர்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மூடிய அறையில் கரி அடுப்போ விறகுக் கணப்போ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இந்த மலைகளில் குளிருக்குப் பயந்து அறைக்குள் கரியை மூட்டிக்கொண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படித்தான். குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்துக்குள் அது இருக்க வேண்டாம். எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் பரவாயில்லை. அதையும் குழந்தைக்கு எட்டாத தூரத்தில், துணி எதுவும் மேலே விழாமல், தனி பிளக்கில் வையுங்கள். தூங்கப்போகுமுன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுவதே நல்லது.

குழந்தைக்கு எத்தனை உடுப்பு? நீங்கள் போட்டிருப்பதைவிட ஒன்று அதிகம், அவ்வளவுதான். கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும், அதைத் தொட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். கெட்டியான மெத்தை, தலையணை இல்லை, கடுகுத் தலையணையும் இல்லை, முகத்தில் ஏறிவிடக்கூடிய தளர்வான கம்பளியும் இல்லை. உடம்போடு ஒட்டிய கம்பளி உடுப்பு, தேவைப்பட்டால் பை மாதிரி தைத்த தூக்க உடை போதும். தூளியில் தூங்கினால் பக்கத்தில் விழித்திருக்கும் ஒருவர் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டு கழுத்து மடங்கிக் கிடக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

சளி பிடித்தால் வீட்டில் முதலில் எடுப்பது நீலகிரித் தைலம். நம் ஊர்ப் பொருள், எல்லா வீட்டிலும் இருக்கும். கைக்குழந்தைக்கு அது ஆகாது. மூக்கருகே தடவினால் மூச்சுத் திணறலாம்; கொஞ்சம் வாய்க்குள் போனாலும் வலிப்பு வரை கொண்டுபோகும். பாட்டில் உயரத்தில் இருக்கட்டும். கற்பூரம் கலந்த களிம்பும் அதே கணக்கு. சாம்பிராணிப் புகையும் விறகுப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு வேண்டாத பாரம். பெரியவர்கள் மனம் கோணலாம். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்று சொல்லிவிடுங்கள், அந்த வார்த்தைக்கு மரியாதை இருக்கிறது.

நாளைப் பிரிப்பது

உதவிக்கு ஆள் கிடைத்து, ஆபீஸும் ஒத்துக்கொண்டபின் ஒரு தாளில் நாளைப் பிரியுங்கள். குழந்தையின் வயதுக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் மூன்று மாதத்தில் அட்டவணை என்று எதுவும் நிற்காது. குழந்தை ஒரு நாளைக்குப் பதினான்கு முதல் பதினேழு மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. விடுப்பே இல்லாமல் சொந்தத் தொழில் செய்பவர்கள், ஃப்ரீலான்ஸ் ஆட்கள் இந்தக் காலத்தில் புது வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். தட்ட முடியாத பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருவர் போதும்.

நான்கு மாதத்தைத் தாண்டியதும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். விழித்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மறுபடி தூக்கம் கேட்கும். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள், உங்கள் குழந்தையின் ஓட்டம் பிடிபடும். இதை வைத்து வேலையை மூன்று விதமாகப் பிரிக்கலாம். ஆள் துணை இருக்கும் நேரத்துக்கு மீட்டிங், வாடிக்கையாளர் கால், தலையைக் கொடுத்து யோசிக்கவேண்டிய வேலை. குழந்தை தூங்கும் நேரத்துக்கு எந்த நிமிடமும் விட்டுவிட்டு எழக்கூடிய வேலை: மெயில், பில், சரிபார்த்தல். இரவுக்கு முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

தூக்க நேரத்தில் மீட்டிங் வைக்காதீர்கள். இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் தூங்கிய குழந்தை நாளைக்கு இருபது நிமிடத்தில் எழுந்துவிடும்.

மாதிரிக்கு, ஆறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஆறரைக்கு எழுந்து பால். ஏழிலிருந்து எட்டரை வரை அப்பாவின் கையில். அம்மா குளித்து, சாப்பிட்டு, ஒருமுறை மெயில் பார்த்துவிடலாம். எட்டரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை முதல் தூக்கம். எழுந்ததும் பால், பத்துக்கு அக்கா அல்லது பாட்டி. பத்திலிருந்து ஒன்று வரை கதவு மூடியிருக்கும், நடுவில் ஒரு பாலூட்டும் இடைவேளை. ஒன்றிலிருந்து மூன்று வரை லேப்டாப் மூடியிருக்கும்: சாப்பாடு, குளியல், சேர்ந்து கொஞ்சம் படுக்கை. மூன்றிலிருந்து ஐந்தரை வரை மறுபடி வேலை, நடுவில் இன்னொரு இடைவேளை. ஐந்தரைக்கு மேல் குழந்தைதான். எட்டரைக்குத் தூங்கியபின் மீதி.

மலையில் குழந்தையை வெளியே கொண்டுபோகும் நேரம் பத்து, பதினொன்றுக்கு வரும் வெயில்தான். மதியத்துக்குமேல் பனிமூட்டம் இறங்கிவிடும் நாட்கள் அதிகம், டிசம்பர் ஜனவரியில் ஊட்டிப் பக்கம் விடியலில் உறைபனி. அதனால் உதவிக்கு வருபவர் பத்தரைக்கு அரை மணி நேரம் குழந்தையை வாசல் வெயிலில் வைத்திருக்கட்டும். அதோடு, ஒரு வயது வரை குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்லிக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மூடாக்குப் போட்ட ஊரில் அதை மறக்கக்கூடாது. மாலை ஆறுக்கு மேல் தோட்டப் பாதையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். காட்டெருமையும் கரடியும் அந்த நேரத்தில்தான் இறங்கும்.

பால்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பிறந்த உடனே சேனை வைப்பதும் வேண்டாம். மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கும் கிருமி பச்சைக் குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கும்.

வீட்டிலேயே இருப்பதால் பெரும்பாலும் நேரடியாகவே கொடுத்துவிடலாம். நீண்ட மீட்டிங் உள்ள நாளுக்கு மட்டும் எடுத்து வையுங்கள். கறந்த பாலைச் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம், ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் நான்கு நாள் வரை. பாத்திரத்தில் தேதியும் நேரமும் ஒட்டுங்கள். சூடாக்க, வெந்நீர் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்தால் போதும். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் போலக் குளிர்ச்சி நிற்கும்.

கீழேயிருந்து வருபவர்கள் கவனிக்காத ஒன்று, கொதிக்கும் தண்ணீரின் சூடு. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குழந்தைக்கான தண்ணீர் கொப்பளித்துக் கொதிக்க ஆரம்பித்தபின் முழுதாக மூன்று நிமிடம் விடுங்கள். பாலாடை, கிண்ணம், பம்ப் பாகங்களை வேகவைக்கும்போதும் சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் பருப்பும் அரிசியும் குழைய வேகவைக்கும்போதும் குக்கர் இல்லாமல் முடியாது.

ஆறு மாதத்துக்கு மேல் திட உணவு. அதில் இங்கே குறையே இல்லை: வேகவைத்து மசித்த கேரட், உருளைக்கிழங்கு, கேழ்வரகுக் கூழ், பருப்பும் சோறும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் பதிந்து வாங்குங்கள். புது உணவைச் சனி, ஞாயிறு காலையில் ஆரம்பித்தால் ஒத்துக்கொள்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

துணி

மழைக்காலத்தில் துணி காயாது. மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரவாடை போகாது. அரைகுறையாய்க் காய்ந்த துணியைக் கட்டினால் தொடையிடுக்கில் புண் வரும், இரவெல்லாம் அழும், மறுநாள் உங்கள் வேலையும் போச்சு. பழைய வேட்டித் துணிதான் சீக்கிரம் காயும். கீழே தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் ஒரு கொடி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்பு. அடுப்புக்கு மேல் காயவைத்தால் புகை வாடை ஏறும், தீ அபாயமும் உண்டு.

இரவுக்கும் மீட்டிங் நேரத்துக்கும் டயப்பர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதை அப்புறப்படுத்துவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேப்பரில் சுற்றி, மற்ற குப்பையோடு கலக்காமல், தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். சரிவிலோ ஓடையிலோ வீசினால் கீழே இருக்கும் ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வெளியே தொட்டியில் வைத்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் இழுத்துப் போடும்.

தடுப்பூசி, காய்ச்சல், ரோடு

6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி, பிறகு ஒன்பது மாதம் முடிந்ததும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் லேசான காய்ச்சல் வரலாம், குழந்தை இடுப்பை விட்டு இறங்காது. அதனால் அந்தப் புதனுக்கும் வியாழனுக்கும் முக்கியமான வேலை எதையும் வைக்காதீர்கள். மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ரோடு அடைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குப் போவதானால் காலை எட்டுக்கே கிளம்பிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் டாக்டர். எந்த வயதிலும் பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக வாங்கி விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், வலிப்பு வந்தால், உடம்பு சில்லிட்டுத் துவண்டால் உடனே கிளம்புங்கள். இருமல் மருந்து சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை. அதற்கு மேல் தேவை என்றால் கோவைதான். ராத்திரி, மழை, மண்சரிவு மூன்றும் சேர்ந்தால் கீழே இறங்குவது எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, அதனால் "காலையில பாத்துக்கலாம்" என்ற பேச்சு வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வாசல் வரை வராத வீடு என்றால், ரோட்டிலிருந்து எந்தப் படியில் ஏறவேண்டும் என்று எழுதிக் கதவருகே ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வராது.

அம்மா

குளிர் ஊரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடிக்க மறந்துபோகும். மேசையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். பனிமூட்டமும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும், கேமரா முன் சிரிப்பதும் சேர்ந்து மனதை அழுத்தும். பிரசவத்துக்குப் பின் சில நாள் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்தைத் தாண்டியும் தூக்கம் வராமல், எதிலும் ஒட்டாமல், குழந்தையைத் தூக்கவே மனம் வராமல் இருந்தால் அது நோய், சரியாகக்கூடிய நோய். டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. வீட்டுக்காரர்களே, அவர் தானாகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு அவரை வெளியே அனுப்புங்கள்.

தவழ ஆரம்பித்ததும்

எட்டு, ஒன்பது மாதத்தில் எல்லாம் மாறும். பகல் தூக்கம் இரண்டாகக் குறையும், விழித்திருக்கும் நேரம் கூடும், கண் அகற்ற முடியாது. ரூட்டர் ஒயர், லேப்டாப் சார்ஜர், ஹீட்டர், அந்த வெந்நீர் ஃபிளாஸ்க், கீழ் மட்டத்து பிளக் எல்லாவற்றையும் தரையிலிருந்து மேலே ஏற்றுங்கள். மாடிப்படி, வாசல் படி இரண்டுக்கும் தடுப்பு. சரிவில் கட்டிய வீட்டில் வாசலுக்கு அடுத்தது பள்ளம். மரத் தரையில் விரிசல் இருந்தால் சிராய் குத்தும், பாய் விரியுங்கள். உதவிக்கு வருபவரின் நேரத்தைத் தினமும் ஒரு மணியாவது கூட்டுங்கள், சம்பளத்தையும். மேனேஜரிடம் புது நேரத்தைச் சொல்லிப் புதிதாக ஒரு மெயில் அனுப்புங்கள்.